கொடுக்கு முளைத்த பேச்சு: 'பீமாயணம்' படக்கதையும் எங்கள் ஆறாம் வகுப்பும்

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'பன்முகத் தன்மையினை அறிவோம்', 'சமத்துவம் பெறுதல்' என்று அடுத்தடுத்து இரண்டு பாடங்கள் உள்ளன. நடத்தி முடிப்பதற்கு எளிய பாடங்கள். பாகுபாடு என்றால் என்ன என்று தேர்வில் கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் சரியாக எழுதிவிடுவார்கள். அன்றைக்கு மதியம் தட்டை எடுத்துக்கொண்டு யார் யாருக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள் என்று பார்த்தால்தான், பாடம் விடைத்தாளோடு நின்றுவிட்டதா, வராந்தா வரைக்கும் வந்ததா என்பது தெரியும்.

பாலவனத்தத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்றில், அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே கிடக்கும் கரிசல் காடு இது. மழையை நம்பிப் பருத்தி, மக்காச்சோளம், மல்லி போடுகிறார்கள். மழை பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள், அல்லது நூற்பாலைக்குப் போகிறார்கள். என் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தெலுங்கு பேசும் பிள்ளைகளும் கன்னடம் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆலை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவனும் இருக்கிறான். பன்முகத்தன்மைக்கு எடுத்துக்காட்டு தேடி நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த இரண்டு பாடங்களுக்கும் துணையாக 'பீமாயணம்' என்ற படக்கதை நூலின் சில பக்கங்களை ஐந்து பாடவேளைகளில் பயன்படுத்தினேன். எதைச் செய்தேன், எதை வேண்டுமென்றே தவிர்த்தேன் என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நூலைப் பற்றி

'பீமாயணம்' டாக்டர் அம்பேத்கரின் வாழ்வில் நடந்த சில நிகழ்ச்சிகளைச் சொல்லும் படக்கதை. நவயானா பதிப்பகம் 2011இல் வெளியிட்டது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இணையர் வரைந்திருக்கிறார்கள். தமிழிலும் கிடைக்கிறது. தண்ணீர், உறைவிடம், பயணம் என்று மூன்று பகுதிகள். 1930களின் நடுவில் அம்பேத்கர் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புகளே இதற்கு அடிப்படை.

1891 ஏப்ரல் 14இல் பிறந்த அம்பேத்கர், 1900 நவம்பர் 7 அன்று சதாராவில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். மகாராட்டிர மாநிலம் இன்று அந்த நாளை மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. ஆனால் அந்த மாணவருக்கு அந்தப் பள்ளி எப்படி இருந்தது? உட்காருவதற்கு வீட்டிலிருந்து சாக்குத் துணி கொண்டுபோக வேண்டும். மாலையில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வர வேண்டும், ஏனென்றால் வகுப்பறையைக் கூட்டுகிறவர் அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் மற்ற பிள்ளைகள் போய்க் குழாயைத் திறந்து குடிப்பார்கள். இவர் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை.

1901இல் நடந்தது அடுத்த நிகழ்ச்சி. கோரேகானில் காசாளராக வேலைபார்த்த அப்பாவைப் பார்க்க, அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் சிறுவன் பீமன் ரயிலேறுகிறான். புதுச் சட்டை, சரிகை வைத்த தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. எழுதிய கடிதம் அப்பாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. உடையைப் பார்த்து நல்ல வீட்டுப் பிள்ளைகள் என்று அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, மகர் சாதி என்று கேட்டதும் முகம் மாறிப் பின்வாங்குகிறார். வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர், இரட்டிப்புக் கூலி கொடுத்து வண்டியையும் பிள்ளைகளே ஓட்டினால் சரி என்கிறார். அவர் வண்டியில் ஏறாமல் கூடவே நடந்து வருகிறார். கையில் கட்டுச்சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. வழியில் சுங்கச்சாவடிக்காரரிடம், முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லி உருதுவில் பேசித் தண்ணீர் கேட்கிறான் பீமன். அப்போதும் கிடைக்கவில்லை. இரவு முழுக்கப் பசியோடும் தாகத்தோடும் கிடக்கிறார்கள்.

வயதைப் பாருங்கள். ஏறக்குறைய நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். பள்ளி, தண்ணீர்க் குழாய், கோடை விடுமுறை, அப்பாவைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகும் பயணம். எல்லாமே அவர்களுக்குத் தெரிந்த பொருள்கள்.

ஏன் படக்கதை?

படக்கதை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்திருக்கின்றன. இன்று ஆசிரியராக இருக்கும் பலர் இரும்புக்கை மாயாவியைப் பாடநூலுக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்கள்தாம். ஒளித்துப் படித்ததை மேசைமேல் வைத்துப் படிக்க இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளையும் படக்கதையில் பின்தங்குவதில்லை என்பது முதல் காரணம். எங்கள் ஒடிசா மாணவன் தமிழில் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் படத்தில் யார் கோபமாக இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதில் அவன்தான் முந்திக்கொள்வான். தமிழ் வாசிப்புச் சரளத்தில் முன்னால் நிற்பவர்களுக்கும் அவனுக்கும் அந்த ஒரு பாடவேளையில் இடைவெளி குறைந்தது.

இரண்டாவது காரணம், இந்த நூலின் வரைமுறை. பொதுவாகப் படக்கதையில் கட்டம் கட்டமாகப் பெட்டி இருக்கும். துர்காபாயும் சுபாஷும் பெட்டிக்குள் வரைய உடன்படவில்லை. பெட்டிக்குப் பதிலாகப் பக்கத்தைப் பிரிப்பது 'திக்னா'. கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் போடும் மரபுக் கோலம் அது. நம் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பேச்சுக் குமிழ்களும் அப்படித்தான். அன்பான பேச்சும் பாதிக்கப்பட்டவரின் பேச்சும் பறவை வடிவக் குமிழில் வருகின்றன. நஞ்சு தோய்ந்த பேச்சு வரும் குமிழுக்குத் தேளின் வால் இருக்கிறது. மனத்துக்குள் நினைப்பதற்கு ஒரு கண் அடையாளம். ரயில் ஒரு பாம்பாக வளைந்து போகிறது. சொல்லைப் படிப்பதற்கு முன்பே, அந்தச் சொல் எப்படிப்பட்டது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொன்னேன். இந்தப் பள்ளிக்கூடக் கதையை வரைந்த துர்காபாய் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட, மரங்களின் இரவு வாழ்வைச் சொல்லும் நூலிலும் அவருடைய ஓவியங்கள் உள்ளன.

ஐந்து பாடவேளைகள்

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படி. வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குப் பத்து நிமிடம் என்று சுற்றிவிட்டேன். காத்திருக்கும் குழுக்களுக்கு வேறு வேலை கொடுத்திருந்தேன்.

*முதல் பாடவேளை: படம் மட்டும்.* தேர்ந்தெடுத்த பக்கங்களில் எழுத்து இருக்கும் இடத்தைத் தாள் துண்டால் மறைத்துவிட்டேன். மூன்று கேள்விகள்: யார் பயப்படுகிறார்? யார் அதிகாரம் செய்கிறார்? எதை வைத்துச் சொல்கிறாய்? ஒரு மாணவி சட்டென்று, "டீச்சர், இந்தப் பேச்சுக்குக் கொடுக்கு இருக்கு" என்றாள். அதன் பிறகு 'கொடுக்குப் பேச்சு' என்பது எங்கள் வகுப்பின் சொல்லாகிவிட்டது. பாடநூலில் உள்ள தப்பெண்ணம், பாகுபாடு ஆகிய கலைச்சொற்களை இந்தச் சொல்லோடு இணைத்துத்தான் கரும்பலகையில் எழுதினேன்.

*இரண்டாம் பாடவேளை: தண்ணீர்.* கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. கண்மாய் எப்போது வற்றும், உப்புத் தண்ணீர் எது, குடிதண்ணீர் எது, குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கினால் எத்தனை கொள்ளும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். பிறகு சதாரா பள்ளிப் பக்கத்தைத் திறந்தோம். ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "அந்தக் குழாயில் தண்ணீர் இல்லாமலா போச்சு?" வகுப்பு அமைதியானது. தண்ணீர்ப் பஞ்சம் வேறு, தண்ணீர் இருக்கும்போதே கொடுக்காதது வேறு என்ற வேறுபாட்டை ஒரு மாணவன் தன் சொற்களில் சொன்னான்: "மழை பெய்யலைன்னா யாருக்கும் இல்ல. இங்க அவருக்கு மட்டும் இல்ல." பாடநூலின் வரையறையைவிட இது தெளிவானது.

*மூன்றாம் பாடவேளை: மசூர் நிலையம்.* நிலைய அதிகாரி வரும் பக்கம். கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன். சாதியைக் கேட்பதற்கு முன் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள், கேட்ட பின் எப்படி இருந்தார்கள்? உடை, பேச்சு, வயது, பசி என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனால் இரண்டு பத்தியும் ஒன்றாகவே இருக்கிறது. "பிள்ளைக மாறல டீச்சர், அவரு கண்ணுதான் மாறிருச்சு" என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன்.

அடுத்து, முஸ்லிம் என்று பொய் சொன்னது தவறா என்று பிள்ளைகளே கேட்டார்கள். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. பொய் பொய்தான் என்றது ஒரு குழு. தாகத்தில் வேறு என்ன செய்வது என்றது இன்னொரு குழு. "பொய் சொல்லியும் தண்ணி கிடைக்கலையே, அப்ப யாருன்னு சொன்னா கிடைக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டபோது விவாதம் திரும்பியது. பொருந்திப் போவதற்காகத் தன்னை மறைத்துக்கொள்வது என்ற பொருளுக்குள் பிள்ளைகள் தாங்களாகவே வந்துவிட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் மாணவி ஒருத்தி, "எங்க அவ்வா கூப்பிட வந்தா, வாசல்ல தெலுங்குல பேசாதன்னு சொல்லிருவேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நானும் அதற்கு அறிவுரை சொல்லவில்லை. மறுநாள் அவளே வகுப்புக்கு நான்கு தெலுங்குச் சொற்களைக் கற்றுக்கொடுக்க முன்வந்தாள். ஒடிசா மாணவன் தண்ணீருக்கு ஒடியாவில் 'பாணி' என்பார்கள் என்று எழுதிக் காட்டினான். ஒரே தண்ணீருக்குக் கரும்பலகையில் நான்கு பெயர்கள் ஏறின.

*நான்காம் பாடவேளை: காலக்கோடு.* 'அந்தக் காலத்தில் எங்கோ வடக்கில் நடந்தது' என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராமல் இருக்கக் காலக்கோடு உதவியது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஆண்டு 1901. எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த பெருமை அது. சிறுவன் பீமன் மசூர் நிலையத்தில் காத்து நின்றதும் அதே 1901இல்தான். இரண்டையும் கோட்டில் ஒரே புள்ளியில் வைத்தோம். 1903, விருதுநகரில் காமராசர் பிறப்பு. 1927 மார்ச் 20, மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் தண்ணீர் அள்ளிக் குடித்த போராட்டம். 1939 சூலை 8, மதுரை மீனாட்சி அம்மன் கோவில் நுழைவு. 1950, அரசமைப்புச் சட்டம்.

அரசமைப்பின் 15ஆம் பிரிவில், கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் போன்றவற்றைப் பயன்படுத்துவதில் யாருக்கும் தடை கூடாது என்று பட்டியலே போட்டிருப்பதைப் படித்தோம். அவ்வளவு பெரிய சட்டத்தில் கிணற்றையும் குளத்தையும் ஏன் பெயர் சொல்லி எழுதினார்கள் என்று கேட்டேன். விடை காலக்கோட்டிலேயே இருந்தது. குழாயைத் தொட முடியாத மாணவன் சட்ட வரைவுக் குழுவின் தலைவரான பிறகு எழுதப்பட்ட சட்டம் அது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவையும் இந்த இடத்தில் சொன்னால் மனத்தில் நிற்கும்.

*ஐந்தாம் பாடவேளை: நம் படக்கதை.* ஒரு ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம். பக்கத்தைப் பிரிக்கக் கட்டம் கூடாது, கோலம்தான் போட வேண்டும். அன்பான பேச்சுக்கும் கொடுக்குப் பேச்சுக்கும் அவரவர் குமிழ் வடிவம் கண்டுபிடிக்க வேண்டும். கதை, இந்தப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஒருவருடைய முதல் நாள். வரும் நபர் யாராகவும் இருக்கலாம், ஒரு பிராணியாகவும் இருக்கலாம்.

அன்பான பேச்சுக்குக் காடை, மைனா, மயில் எல்லாம் வந்தன. கடுஞ்சொல்லுக்குத் தேளை விட்டுவிட்டுச் சீமைக்கருவேல முள்ளை வரைந்தவர்கள் பலர். ஒரு மாணவி தன் கதை நாயகிக்கு எல்லாப் பக்கத்திலும் குமிழை மட்டும் வரைந்து உள்ளே ஒன்றும் எழுதவில்லை. கேட்டதற்கு, "அவ இன்னும் பேச ஆரம்பிக்கல டீச்சர்" என்றாள். மூன்று நாள் கழித்துக் கடைசிப் பக்கத்துக் குமிழில் ஒரே ஒரு சொல் எழுதிக்கொண்டு வந்தாள். அது அவளுடைய பக்கத்து இருக்கைத் தோழியின் பெயர்.

நான் தவிர்த்தவை

இந்த நூலை எடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு, மேலே சொன்னவற்றைவிட இந்தப் பகுதி முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, நடிக்க வைக்க வேண்டாம். எந்தப் பிள்ளையையும் தாகத்தோடு நிற்கும் பீமனாக நிறுத்த வேண்டாம். ஒடுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த பிள்ளை அந்தப் பாத்திரத்தை ஏற்றால் அது காட்சிப்பொருளாகிவிடும். வேறு பிள்ளை ஏற்றால் கேலியாகிவிட வாய்ப்பு உண்டு. 1968இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர் தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து, ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று உணரவைத்தார். உலகம் முழுவதும் பேசப்பட்ட செயல்பாடு அது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையினப் பிள்ளைகள். நம் வகுப்பில் அதை உண்மையாகவே அறிந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒத்திகை தேவையில்லை.

இரண்டு, தெருவைக் கேட்க வேண்டாம். தண்ணீர்ப் பாடத்துக்கு ஊர் வரைபடம் வரையச் சொல்வது நல்ல செயல்பாடாகத் தோன்றும். நம் ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி வெளியில் வந்துவிடும். எந்தத் தெருவில் எந்தக் குழாய் என்று பிள்ளை வரைந்து சுவரில் ஒட்டினால், வகுப்பின் சாதிப் பட்டியலை நாமே ஒட்டியதாகிவிடும். அதனால் வரைபடத்தைப் பள்ளி வளாகத்துக்குள் நிறுத்திக்கொண்டேன்.

மூன்று, 'உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?' என்று வகுப்பில் கேட்க வேண்டாம். பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லவைப்பது நம் வேலையல்ல. தனியே சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்ற வழி மட்டும் திறந்திருக்க வேண்டும்.

நான்கு, முழு நூலையும் அப்படியே கொடுக்க வேண்டாம். பேருந்து நிறுத்தத்தில் இருவர் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிக்கொள்வதில் கதை தொடங்குகிறது. அண்மைக் கால வன்கொடுமைச் செய்திகளும் இடையிடையே வருகின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அவை நல்ல விவாதப் பொருள். ஆறாம் வகுப்புக்குப் பள்ளி, மசூர், மகத் ஆகிய பகுதிகளே போதும்.

பெற்றோர் கேட்ட கேள்வி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த அப்பா ஒருவர், "பிள்ளைக நல்லாத்தான் விளையாடிக்கிட்டு இருக்குதுக. இதெல்லாம் சொல்லிக் குடுத்து நீங்களே பிரிச்சுவிடாதீங்க டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையோடுதான் சொன்னார். இந்தக் கேள்வி எல்லாப் பள்ளிகளிலும் வரும். பதில் நம் கையில் இருக்க வேண்டும்.

நூலை அவர் கையில் கொடுத்துப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். பாடநூலின் பாடத்தையும் காட்டினேன். பிறகு 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைவூட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்தப் பிள்ளைகளும் ஒரு காலத்தில் ஆறாம் வகுப்பில் ஒன்றாக விளையாடியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நாம் பேசாவிட்டால், கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பற்றி வேறு யாரோ அவர்களிடம் பேசுவார்கள். அவர் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது அந்த நூலை ஒரு வாரம் இரவல் கேட்டார். அந்தப் பதில் அவருக்கு முழுமையாக உடன்பாடா என்று எனக்குத் தெரியாது. நூல் திரும்பி வந்தபோது அட்டை போட்டிருந்தது.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 சூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடுப்பது, மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்துவது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்ப்பது என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. உதவித்தொகைக்காகப் பிள்ளையை வகுப்பில் எழுப்பிச் சாதியைக் கேட்கக் கூடாது என்பதும் அவற்றில் அடங்கும். பெரிய பணம் தேவைப்படாத, நாளைக் காலையே நாம் தொடங்கக்கூடிய செயல்கள் இவை.

வகுப்பு வேலைப் பட்டியல்

படக்கதை வரைந்து முடிந்ததும், ஒரு வாரம் பள்ளியில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிள்ளைகளையே குறிக்கச் சொன்னேன். பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா, எத்தனை முறை என்பது மட்டும். வகுப்பைக் கூட்டுவது எல்லா நாளும் பெண்கள். மணி அடிப்பது எல்லா நாளும் ஆண்கள். காலை வழிபாட்டில் ஒலிவாங்கியைப் பிடிப்பது சுற்றிச் சுற்றி மூன்று பேர். மாணவர்கள் உட்கார்ந்து பேசி, வருகை எண் வரிசையில் எல்லா வேலையும் எல்லாருக்கும் சுழலும்படி ஒரு பட்டியல் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும் அதில் உண்டு, செய்தி வாசிப்பதும் உண்டு. முதல் வாரத்தில் சில ஆண் பிள்ளைகளுக்குத் துடைப்பம் பிடிக்கத் தெரியவில்லை. கற்றுக்கொண்டார்கள். ஒருபோதும் ஒலிவாங்கி பிடிக்காத ஒடிசா மாணவன் அன்றைய நாளையும் தேதியையும் தமிழில் வாசித்தபோது, வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

நம் மாவட்டத்துக்காரரான காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கொண்டு வந்த மதிய உணவும் சீருடையும் பிள்ளைகளை ஒரே பந்தியில் ஒரே உடையில் உட்கார வைத்தன. அந்தப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைக் கவனிக்கும் பொறுப்பு அங்கே நிற்கும் ஆசிரியருடையது. இப்போது பந்தியிலும் வருகை எண் வரிசைதான்.

இன்னும் சில நூல்கள்

வெளிநாட்டுப் படக்கதைகளில் இரண்டை ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்கலாம். ஜெரி கிராஃப்ட் வரைந்து எழுதிய 'நியூ கிட்' 2019இல் வந்தது. வசதியான தனியார் பள்ளியில் சேரும் ஜோர்டான் என்ற கறுப்பினச் சிறுவனின் கதை. அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் உயரிய விருதான நியூபெரி பதக்கத்தை 2020இல் பெற்றது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் படக்கதை அதுவே. அதில் ஆசிரியர்கள் கறுப்பின மாணவர்களின் பெயர்களை ஒருவருக்கு ஒருவர் மாற்றி அழைத்துக்கொண்டே இருப்பார்கள். வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. வெளி மாநிலப் பிள்ளையின் பெயரை வாயில் நுழையவில்லை என்று சுருக்கிக் கூப்பிடுவது நமக்குச் சிறிய செயல். அந்தப் பிள்ளைக்கு அப்படியல்ல.

செசி பெல்லின் 'எல் டெஃபோ' (2014) செவித்திறன் குறைந்த சிறுமியின் கதை. கருவியின் மின்கலம் தீரும்போது பேச்சுக் குமிழில் எழுத்து மங்கிக்கொண்டே போகும். மாற்றுத்திறன் மாணவர்கள் உள்ள வகுப்பில் இந்த ஒரு பக்கத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாலே போதும், கேட்காமல் இருப்பது என்னவென்று மற்ற பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். 'நுழை, நட, ஓடு, பற' என்று நம் வாசிப்பு இயக்கத்தில் வந்துள்ள சிறு நூல்களிலும் இத்தகைய உரையாடலைத் தொடங்கத் தகுந்த கதைகளைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய நூல் வாங்க முடியாத பள்ளிக்கும் தொடக்கம் இருக்கிறது.

மதிப்பீடு

இதற்கு மதிப்பெண் போடவில்லை. மூன்றை மட்டும் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதிவருகிறேன்: பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைகிறதா, குழு அமைக்கச் சொன்னால் பழைய கூட்டாளிகளைத் தாண்டி யாரைச் சேர்க்கிறார்கள், ஒருவர் கடுஞ்சொல் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார். மூன்றாவதில்தான் மாற்றம் முதலில் தெரிந்தது. "ஏ, கொடுக்கு" என்று ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னால், சொன்னவன் பாதியில் நிறுத்திவிடுகிறான்.

பிள்ளைகள் வரைந்த கதைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்காம் பக்கத்தில் பள்ளியின் கேட் வரையப்பட்டிருக்கிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாக் குமிழ்களும் மைனாக்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம், சாலையில், எல்லாக் குமிழ்களுக்கும் முள். நடுவில் பை மாட்டிய இரண்டு பிள்ளைகள், ஒருவர் இடப்பக்கமும் ஒருவர் வலப்பக்கமுமாகத் திரும்பி நிற்கிறார்கள். வரைந்த மாணவன் அதிகம் பேசமாட்டான். இந்தப் படத்துக்கு என்னிடம் விடை இல்லை. ஐந்து பாடவேளையால் சாலையை மாற்ற முடியாது. இந்தப் படத்தை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் சுவரில் மாட்ட, வரைந்தவனிடம் ஒப்புதல் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இந்த இரண்டு பாடங்களும் வரும்போது, நூல் கிடைத்தால் மசூர் நிலையப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டால் போதும். மற்றதைப் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் சொன்னதை நீங்களும் எழுதி அனுப்புங்கள்.